நாற்பது காலடி தெற்கே

கல்லறைத் தோட்டத்து வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றபோது மணி மூன்று. ஒன்றரைக்கே வந்துவிடுவதாகக் கொத்தனார் தங்கமுத்து சொல்லியிருந்தார். ஒன்றரையிலிருந்து ஆனந்த்ராஜ் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ஏன் தாமதம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் டயர் பஞ்சர், பேகம்பூரில் நெரிசல் என்று ஏதாவது பதில் வரும். நாளைக்குக் கல்லறைத் திருநாள். திண்டுக்கல்லில் இருக்கிற அத்தனை கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் இன்றைக்கே கொத்தனார் வேண்டும், இன்றைக்கே சுண்ணாம்பு வேண்டும்.

ஆட்டோவின் பின்னால் வைக்கோல்மேல் கருங்கல் பலகை படுத்திருந்தது. வினோலியா ஆனந்த்ராஜ், ஆசிரியை. கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. நடுவில் ஒரு விரற்கடை அளவுக்குக் கோடு. அந்தக் கோடுதான் இருபத்தெட்டு வருஷம்.

வாசலோரம் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் விற்கிற செபாஸ்தியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"கல்லு வந்துருச்சா அப்பு? இனிமேயாச்சும் அந்தப் புள்ள பேரோட படுத்துருக்கும்."

அவன் தலையாட்டிவிட்டு ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டான். பதினொரு மாதமாகத் திங்கட்கிழமை தவறாமல் வாங்குவதுதான். திங்கள் இறந்தவர்களுக்கான நாள்.

போன டிசம்பரில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. அவன் பிழைத்தான். அவளைப் புதைத்த அன்று அவன் மதுரை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். முன்நின்று அடக்கம் செய்தது அவளுடைய தம்பி ரோஷன். அவனும் மறுவாரமே வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். போனில் ஒரே ஒரு வரி சொன்னான்: "வேப்ப மரத்துக்குக் கீழ மச்சான், மரச்சிலுவை இருக்கும்." ஆனந்த்ராஜ் வந்து பார்த்தான். வேப்ப மரம் இருந்தது. கீழே மண்மேடு இருந்தது. மழையில் பெயர் அழிந்த மரச்சிலுவை ஒன்று சாய்ந்து கிடந்தது. அதற்குமேல் அவன் விசாரிக்கவில்லை. அந்த நாட்களில் எதையும் இரண்டாம் தடவை கேட்க அவனுக்குத் தெம்பில்லை.

அந்த மேட்டுக்குத்தான் தங்கமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனான். தங்கமுத்து துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கடப்பாரையை ஓங்கிப் போட்டார்.

மண்ணில் இறங்குகிற சத்தம் வரவில்லை. ணங் என்றது.

மறுபடி போட்டார். ணங். குனிந்து கையால் மண்ணை ஒதுக்கினார். உள்ளே வெளுத்த காரைப் பூச்சு, அதன்கீழ் ஒல்லியான பழைய செங்கல்.

"தம்பி, இது போன வருசத்துக் குழி இல்ல. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டு. இதுக்குள்ள உங்க வீட்டம்மா எப்படிப் போயிருப்பாக?"

ஆனந்த்ராஜ் குனிந்து அந்தச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்தான்.

"அதென்ன, இம்புட்டுச் சுருட்டுத் துண்டு?" தங்கமுத்து கடப்பாரை நுனியால் கிளறினார். "உக்காந்து நல்லா இழுத்துருக்கீகளே."

"நான் பிடிக்கிறதில்லைங்க."

"பேயா வந்து பிடிக்கும்?" என்று தங்கமுத்து சிரித்தார். "பத்துப் பதினஞ்சு கிடக்கு தம்பி. ஒண்ணு இன்னும் ஈரங்கூடக் காயல."

ஆனந்த்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் குடியிருக்கும் மாடி வீட்டில் போன டிசம்பர் கடைசியிலிருந்து சுருட்டு வாடை. திங்கட்கிழமை ராத்திரிகளில் அடுப்படிப் பக்கம் குமட்டுகிற மாதிரி அடிக்கும். கீழ்வீட்டிலிருக்கும் வீட்டுக்காரர் சேக் பரீதிடம் இரண்டு தடவை சண்டைக்கே போயிருக்கிறான். "எங்க வீட்ல வெத்தலை போடக்கூட ஆளில்ல தம்பி. வேணும்னா வந்து மோந்து பாருங்க" என்று அவர் குரானைக் காட்டிச் சத்தியம் பண்ணினார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. வாடை நிற்கவில்லை.

கோயிலில் பதிவேடு பார்க்கும் உபதேசியார் கிறிஸ்துராஜுக்குப் போன் போட்டான். மூன்றாவது தடவைதான் எடுத்தார். பின்னால் பாட்டுக் குழுவின் ஒத்திகை அலறியது.

"இருங்க, புக்கைப் பாத்துச் சொல்றேன். ஆங். பன்னெண்டாம் நம்பர் தகரத்துக்கு மேற்கே மூணாவது குழி."

"எந்தத் தகரம்?"

"உங்க வீட்டம்மா பள்ளிக்கூடப் பிள்ளைகளை வச்சு பழைய கல்லறைக்கெல்லாம் நம்பர் எழுதி அடிச்சாங்களே, அதேதான். நல்ல அடையாளமா இருந்துச்சு. நாங்களும் புக்குல அதையே எழுதிட்டு வர்றோம்."

"இங்க ஒரு தகரமும் இல்லையே."

"வெள்ளையடிக்கிற ஆளுங்க கழட்டியிருப்பாங்க. நாளைக்கு மந்திரிப்பு முடிஞ்சதும் மாட்டிருவாங்க தம்பி."

"எனக்கு இன்னைக்கு வேணும்."

பாட்டுக் குழு இன்னும் மேலே ஏறியது. போன் கட்டாகிவிட்டது.

தகரங்கள் தளவாட அறை வாசலில் கிடந்தன. பதினான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக, வெள்ளைச் சுண்ணாம்பு சொட்டி. எது எங்கே இருந்தது என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

"அஞ்சரைக்குள்ள இடத்தைக் காட்டுங்க" என்றார் தங்கமுத்து. "அதுக்குள்ள நான் அந்தாண்ட ரெண்டு கல்லை நட்டுர்றேன். இருட்டுனப்புறம் இந்த மண்ணுல கடப்பாரை போட மாட்டேன், சொல்லிட்டேன்."

அதே நேரத்தில் அகரத்திலிருந்து மாமியார் ஆரோக்கியம்மாள் போன்.

"கல்லு வச்சாச்சா மாப்ள?"

"வச்சிட்டு இருக்காங்க அத்தை."

"நாளைக்குக் காலைல சொந்தம் பூராவும் வருது. சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்கிறப்ப எம் மக பேர் இல்லாமக் கிடக்கக் கூடாது. புதைச்சப்பவும் நீங்க இல்ல. இதையாச்சும் செய்ங்க."

வைத்துவிட்டாள். அவன் பர்ஸை எடுத்தான்.

பர்ஸுக்குள் நான்காக மடித்த மஞ்சள் தாள் ஒன்று இருந்தது. அவள் போன பிறகு அவன் அதைப் பிரித்ததே இல்லை. வினோலியா தன் பள்ளி மாணவிகளுக்காக எழுதி ஜெராக்ஸ் போட்டது. யாரும் துணைக்கு வர வேண்டாம், தாளைக் கையில் வைத்துக்கொண்டு தானே நடந்து பழைய கல்லறைகளைப் பார்த்துவிடலாம். பதினான்கு இடம். ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு எத்தனை காலடி, எந்தத் திசை என்று போட்டிருந்தாள்.

பிரித்தான். அவள் கையெழுத்து.

'எண் 1. பழைய வாசல். இப்போது அடைத்துவிட்டார்கள். குப்பைத் தொட்டிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கவும். நேர் எதிரே தெரியும் இரண்டு சின்னச் சிலுவைகள்தான் அடுத்த இடம்.'

குப்பைத் தொட்டி இருந்தது. மூக்கைப் பொத்தாமல் முதுகைக் காட்டி நின்றான். எதிரே தோட்டம் முழுக்க விரிந்து கிடந்தது. முன்பக்கம் புதிதாக வெள்ளையடித்த வரிசைகள். பின்பக்கம் கறுத்த தூண்களும், சாய்ந்த சிலுவைகளும், அவற்றை மூடி வளர்ந்த முள்ளும். அதற்கும் பின்னால் மலைக்கோட்டை. அதன் தலையில் மழை மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

'எண் 2. இரண்டு குழந்தைகள், ஒரே வாரம், காலரா. இங்கே சத்தம் போட வேண்டாம். இங்கிருந்து நாற்பது காலடி தெற்கே.'

நாற்பது வைத்தான். சீமைக்கருவேல முள்ளுக்குள் போய் நின்றான். சட்டை கிழிந்தது. திரும்பி வந்து மறுபடி நாற்பது வைத்தான். அதே முள். மூன்றாம் தடவை பாதி வழியில் நின்று, தாளைக் கசக்கி எறிந்துவிடலாமா என்று யோசித்தான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலடி என்றால் அவளுடைய காலடி.

இந்தத் தாளை எழுதிய வாரம் வீட்டில் இன்ச் டேப்பை விரித்து வைத்துக்கொண்டு நடந்து நடந்து பார்த்தாள். அடுப்படி வாசலிலிருந்து அவன் உட்காரும் நாற்காலி வரைக்கும் ஒன்பது காலடி. பத்துத் தடவை நடந்தாலும் ஒன்பது. "நீ நடந்தா ஆறுலயே வந்துருவே, ஒட்டகம்" என்று எதிரே வந்து நின்று சொன்னாள். டிவி மறைக்கிறது, தள்ளு என்று அவன் எரிந்து விழுந்தான்.

இப்போது அவன் காலைக் குறுக்கிக்கொண்டு நடந்தான். சரளைக் கல்லின்மேல் சின்னச் சின்ன அடியாக. நாற்பதாவது அடியில் மூன்றாம் இடம் சரியாகக் காலுக்குக் கீழே இருந்தது.

'எண் 3. இந்தத் துரை குதிரையிலிருந்து விழுந்து இறந்தார் என்று கல் சொல்கிறது. குதிரைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. முப்பது காலடி கிழக்கே.'

பதினொரு மாதத்தில் முதல் தடவையாக அவள் பேசுவது போலிருந்தது. பக்கத்தில் அவள் நடந்தால் எப்படி நடக்க வேண்டியிருக்குமோ அப்படி நடந்தான். நான்கு. ஐந்து. ஆறாம் எண்ணில் ஒரு பாண்டு வாத்தியக்காரன். ஏழில் பெயர் பாதி உடைந்த ஒரு தாய்.

ஏழிலிருந்து எட்டுக்குப் போகும்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தான்.

பின்னால் சரளை நெறிபடுகிறது.

தங்கமுத்துதான் என்று நினைத்துத் திரும்பினான். தங்கமுத்து தூரத்தில், மேற்கு மதிலோரம், யாருடைய கல்லுக்கோ சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஆளில்லை. ஒரு காக்கை மட்டும் சிலுவை ஒன்றின் கையில் உட்கார்ந்திருந்தது.

நடந்தான். பின்னால் நடந்தது.

நின்றான். அது இன்னும் ஓர் அடி வைத்துவிட்டு நின்றது.

நடையில்தான் வித்தியாசம். அவன் சின்னதாக இரண்டு அடி வைத்தால் அது நீளமாக ஒன்று வைத்தது. எட்டி வைத்து, நிதானமாக, அவசரமே இல்லாத நடை. வழி தெரிந்த ஆளின் நடை.

திடீரென்று சுருட்டு வாடை வந்தது. வீட்டில் வருகிற அதே வாடை.

காக்கை பறந்துவிட்டது.

எட்டாம் எண்ணில் நிற்காமல் அடுத்த வரியைப் படித்தான். 'ஐம்பத்திரண்டு காலடி, பெரிய வேம்பை நோக்கி.' எண்ணிக்கொண்டே போனான். வாய்விட்டு எண்ணினான். பின்னால் வரும் சத்தத்தைத் தன் குரலால் மூடப் பார்த்தான். ஐம்பது. ஐம்பத்தொன்று.

ஐம்பத்திரண்டாவது அடி அவனை அந்த மண்மேட்டின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. சாய்ந்த மரச்சிலுவை. கடப்பாரை பெயர்த்த காரை. பதினொரு மாதத்து மெழுகு வழிந்து இறுகிக் கிடந்த திட்டு.

தாளைப் பார்த்தான்.

'எண் 9. இங்கே கல் இல்லை, பெயர் இல்லை. யாரோ எங்கிருந்தோ பிடுங்கி வந்து நட்ட மரச்சிலுவையை நம்ப வேண்டாம். பக்கத்துத் தூண் புகையிலை வியாபாரம் பார்த்த ஒரு துரையுடையது. இங்கே கிடப்பவள் அவர் வீட்டில் இருந்தவள், சுருட்டுச் சுற்றத் தெரிந்தவள், ஆண்பிள்ளை உயரம் என்று ஒரு பேச்சு. கோயில் புத்தகத்தில் "ஒரு பெண்" என்றுதான் இருக்கிறது. வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் செபாஸ்தியம்மாள் அக்கா சொல்வது: உரிமைக்காரர் இல்லாத கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது. ஏற்றினவர் உரிமைக்காரர் ஆகிவிடுவார். பெயர் சொல்லி ஏற்றினால் அந்தப் பெயர் அவளுக்குப் போய்விடும். மாணவிகள் பயப்பட வேண்டாம். ஆனால் ஏற்றவும் வேண்டாம்.'

இரண்டு தடவை படித்தான்.

வாரம் தவறாமல் ஏற்றியிருக்கிறான். வாரம் தவறாமல் "வினோ, நான் வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். முதல் திங்கட்கிழமை, உடம்பில் இன்னும் ஜுரத்தின் நடுக்கம் இருந்த அன்று, இந்த மேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு கூடுதலாக ஒன்று சொன்னான்.

"ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போ."

பின்னால் சரளை நெறிந்தது. மிக அருகில்.

அவன் திரும்பவில்லை. தாளைப் பார்த்தபடியே நடந்தான். பத்து. பதினொன்று. கால் அவள் அளவை விட்டு அவன் அளவுக்குத் தாவியது. இழுத்துப் பிடித்து மறுபடி குறுக்கினான். பன்னிரண்டாம் இடத்தில், மதிலை ஒட்டி, அவன் இதுவரை கண்டிராத இன்னொரு வேப்ப மரம் நின்றது. சின்ன மரம். அதற்கு மேற்கே முதல் குழி, இரண்டாவது, மூன்றாவது.

மண் உள்வாங்கிப் பள்ளமாகியிருந்தது. நெருஞ்சி படர்ந்து கிடந்தது. ஆட்டுப் புழுக்கை. செடியை விலக்கியபோது குப்புறக் கிடந்த மரச்சிலுவை கையில் தட்டுப்பட்டது. புரட்டினான். தரையோடு ஒட்டிக் கிடந்ததால் பெயிண்ட் அழியவில்லை. ரோஷனின் கோணல் எழுத்து: வினோலியா.

ஒரு சொட்டு மெழுகு இல்லை. ஒரு பூவின் காம்பு இல்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ரோஷன்மேல், உபதேசியார்மேல், ஆடு மேய்த்தவன்மேல், டிவி மறைக்கிறது என்று சொன்ன தன் வாய்மேல் கோபம்தான் வந்தது. வெறுங்கையால் நெருஞ்சியைப் பிடுங்கினான். முள் ஏறி ரத்தம் வந்தது. தங்கமுத்து வந்து தோளைத் தொட்டு விலக்குகிற வரைக்கும் பிடுங்கிக்கொண்டே இருந்தான்.

இந்தத் தடவை கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கியது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கல் நின்றது. சிமெண்டு ஈரத்தைத் துடைத்துவிட்டு ஆனந்த்ராஜ் அதன்முன் மெழுகுவர்த்தியை ஊன்றினான். தீக்குச்சி உரசினான். திரியில் பட்டதும் அணைந்தது. காற்று இல்லை, வேம்பில் ஓர் இலை அசையவில்லை. அடுத்த குச்சி. அணைந்தது. பெட்டி பாதி காலியாகிவிட்டது.

"நமுத்த பெட்டி போல" என்றார் தங்கமுத்து. அவருடைய லைட்டரைக் கொடுத்தார். லைட்டர் சுடர் நேராக நின்றது. திரி பற்ற மாட்டேன் என்றது.

ஆனந்த்ராஜ் வாசலுக்குப் போனான். செபாஸ்தியம்மாள் மிச்சப் பூவைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் எண் என்று அவன் சொன்னதும் அவள் கை நின்றது.

"ஏலே, அங்கயா ஏத்துன?"

"பதினொரு மாசமா உங்ககிட்டதான வாங்குறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் வாசல்ல உக்காந்துருக்கேன். உள்ள நீ கிழக்கால போனியா மேக்கால போனியான்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? மெழுகுவத்தி வாங்குறவன்கிட்டயெல்லாம் பின்னாடி போயா பாப்பேன்?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பேர் சொல்லியா ஏத்துன?"

தலையாட்டினான்.

"வீட்டுக்குக் கூப்டியா?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அவளைக் குத்தம் சொல்லாத. பேர்கூட இல்லாமக் கிடந்தவ. யாரோ ஒருத்தன் பேரும் குடுத்து, வெளக்கும் குடுத்து, வீட்டுக்கும் வான்னா, யாரு வர மாட்டா? இப்பப் போயி, மரியாதையாச் சொல்லு. தப்பு என்னோடதுன்னு சொல்லி, குடுத்ததைத் திருப்பிக் கேளு. கேக்கறப்ப அந்தப் பேரைச் சொல்லிராத. வீட்டுக்குப் போயும் சொல்லிராத. ராவு கழியட்டும். விடிஞ்சு சாமியார் அந்தப் புள்ள கல்லுக்கு முன்னால நின்னு பேரை வாசிச்சுத் தீர்த்தம் தெளிச்சுட்டா, பேரு அவளுக்கே வந்துரும். அதுவரைக்கும் வாயைக் கட்டு. ஒரு ராத்திரிதான்."

"சொன்னா?"

"கூப்புட்டா வருவா. வேற என்ன?"

மெழுகுவர்த்திக் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

ஒன்பதாம் இடத்துக்கு அவன் தனியாகத்தான் போனான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தூணுக்கும் வேம்புக்கும் நடுவில் மேடு கறுப்பாகத் தெரிந்தது. பெயர்த்த காரையைக் காலால் தள்ளி மூடினான்.

"இடம் மாறிப் போச்சும்மா" என்றான். யாரிடமும் இவ்வளவு தணிந்து அவன் பேசி வெகு நாளாகியிருந்தது. "தெரியாமப் பண்ணிட்டேன். நீங்க அவ இல்ல. குடுத்ததைத் திருப்பிக் குடுத்துருங்க."

பதில் இல்லை. சுருட்டு வாடையும் இல்லை. மேட்டில் ஒட்டியிருந்த பழைய மெழுகை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்தான்.

மதிலோரம் அவளுடைய கல்லின்முன் மறுபடி உரசினான். முதல் குச்சியிலேயே பற்றியது. சின்னச் சுடர். கொஞ்சம் நடுங்கிவிட்டு நிமிர்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழரை. மாடிப்படியில் கீழ்வீட்டுக் குழம்பின் வாசனை. கதவைத் திறந்ததும் வழக்கம்போல மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தான். கழுவாத டம்ளர், வேலைநிறுத்தம் செய்யும் குழாய், ஜன்னல். சுத்தமான காற்று.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். டிவியைப் போடவில்லை. எதிர்ச் சுவரில் அவள் படம். அதைப் பார்த்து எதையோ சொல்ல வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டான். ஒரு ராத்திரிதான்.

வீடு இப்படி அமைதியாக இருந்து அவன் கேட்டதில்லை. இத்தனை மாதமாக ஏதோ ஒன்று இங்கே இருந்திருக்கிறது என்பது, அது இல்லாதபோதுதான் தெரிந்தது. உள்ளங்கையில் நெருஞ்சி முள் குத்திய இடமெல்லாம் வலிக்க ஆரம்பித்தது.

போன் அடித்தது. அகரம்.

"கல்லு வச்சாச்சா மாப்ள?"

"வச்சாச்சு அத்தை."

"நேரா நிக்குதா?"

"நிக்குது."

"பேரு எப்படிப் போட்டுருக்கு? படிங்க, கேப்போம்."

"சரியாப் போட்டிருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? என்ன போட்டிருக்குன்னுதான கேக்கேன். எனக்குப் படிக்கத் தெரியாது. நாளைக்கு அம்புட்டுப் பேரு முன்னால நான் திருதிருன்னு முழிக்கணுமா? இப்பவே சொல்லிருங்க."

"நாளைக்கு நேர்ல படிச்சுக் காட்டுறேன்."

"ஏன், இப்பச் சொன்னா வாய் வெந்துருமா?"

"அத்தை, தலை வலிக்குது. வைங்க."

"பொண்டாட்டி பேரைச் சொல்லத் தலை வலிக்குது." அவள் குரல் உடைந்தது. உடைந்ததும் இன்னும் கூர்மையானது. "பொதைக்க வரல. முப்பதாம் நாள் பூசைக்கு வந்து ஓரமா நின்னீக. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. எல்லாரும் பாத்தாக. இப்பப் பேரும் மறந்து போச்சு. அடுத்தவளைப் பாத்துட்டீகளா மாப்ள? அதையாச்சும் சொல்லுங்க."

மத்தியானத்திலிருந்து உள்ளே இறுகிக் கிடந்த எதுவோ அந்த இடத்தில் அறுந்தது. மூன்று மணிக்கு வந்த கொத்தனார், அலறிய பாட்டுக் குழு, சுண்ணாம்பு சொட்டிய தகரங்கள், அணைந்து அணைந்து போன குச்சிகள்.

"வினோலியா" என்றான். "வினோலியா ஆனந்த்ராஜ், ஆசிரியைன்னு போட்டிருக்கு. வினோலியா. வினோலியா. போதுமா அத்தை?"

போனில் அழுகைச் சத்தம் கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ம்."

போனிலிருந்து அல்ல. அடுப்படியிலிருந்து.

ஆரோக்கியம்மாளின் அழுகை நின்றது.

"யாரு மாப்ள அது?" என்றாள் மெதுவாக. "வீட்ல யாரு?"

சுருட்டு வாடை முன்னறைக்குள் வந்தது. அடுப்படி விளக்கை அவன் போடவில்லை. அந்த இருட்டு வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் அவன் நாற்காலி கிடந்தது.

வெறுங்கால் ஒன்று சிமெண்டுத் தரையில் பதிந்தது.

வினோலியாவாக இருக்கட்டும் என்று அவன் நினைத்தான். அந்த ஒரு கணம் உண்மையாகவே நினைத்தான். ஒன்பது காலடி. ஒன்பது வந்தால் அவள்.

எண்ண ஆரம்பித்தான்.

ஒன்று. இரண்டு. எட்டி வைத்து, நிதானமாக. மூன்று. நான்கு.

ஐந்தாவது அடி நாற்காலியை ஒட்டி வந்து நின்றது.